வெர்னாவின் சுட்டுவிரல்

கனடாவின் சஸ்காட்செவன் சமவெளியில் மாடு ஏற்றும் வண்டி ஓட்டுகிறவர்கள் ஏராளம். ஆனால் வெர்னா ஹ்ரித்சாக் தன் வண்டியில் யார் யாரை ஏற்றிப் போனாள் என்று கேட்டுப் பாருங்கள், எங்கள் ஊரில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். மற்றதெல்லாம் கேட்காமலே சொல்கிற ஊர் இது.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன், அடி தாங்காமல் பெண்கள் காப்பகத்துக்குப் போன ஒருத்தி, ஆடுகளுக்குத் தண்ணீர் காட்ட ஆளில்லை என்று வீடு திரும்பினாள். புருஷன் அவள் கையை முறித்துப் போட்டான். அதைக் கேட்டு வெர்னாவுக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

"அடுத்தவங்க வீட்டு விவகாரம், உனக்கெதுக்கு?" என்றான் அவள் அண்ணன்.

"எலும்பை முறிக்கிறது வீட்டு விவகாரமா? அடிபடாம வாழறது அவ உரிமை. போய் வேலையப் பாரு."

அந்த வாரமே தன் தொழுவத்தில் பாதியைக் காலி செய்துவிட்டு, காப்பகத்துக்குச் சொல்லி அனுப்பினாள்: பெண்ணையும் ஏற்றுவேன், அவள் வளர்த்ததையும் ஏற்றுவேன்.

காப்பகம் சொல்லி ஜோலீனை அழைக்கப் போனது ஒரு புதன்கிழமை. அவள் கணவன் கர்ட் ஏலச் சந்தைக்குப் போயிருந்தான், மதியத்துக்குள் திரும்பிவிடுவான். பிஸ்கட் என்ற கிழட்டுக் குதிரையை விட்டுவிட்டு அவள் கிளம்ப மாட்டாள். குதிரையோ வண்டியைக் கண்டதும் கால் ஊன்றி நின்றுவிட்டது. அரை மணி நேரம் போயிற்று. பயத்தில் ஜோலீன் சாட்டையை எடுத்தாள்.

"கீழ போடு. இந்த வண்டில யாரையும் அடிச்சு ஏத்தறதில்ல" என்றாள் வெர்னா. "நீ முதல்ல ஏறு. உன்னை விட்டுட்டு அது எங்க போகும்?"

ஜோலீன் ஏறினாள். பிஸ்கட் பின்னாலேயே ஏறியது.

சரளைச் சாலையில் இரண்டு மைல் போனதும் எதிரே கர்டின் வண்டி. ஜோலீன் இருக்கைக்குக் கீழே சுருண்டுகொண்டாள். எங்கள் சாலையில் எதிரே வருகிறவருக்கு வணக்கமாக ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலாவது தூக்க வேண்டும். தூக்காவிட்டால் என்னவோ ஏதோ என்று வண்டியை நிறுத்திவிடுவார்கள். வெர்னா வேகத்தைக் குறைக்கவில்லை. வழக்கம்போல் சுட்டுவிரலைத் தூக்கினாள். கர்டும் தூக்கினான், புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

"போயிட்டானா?"

"போயிட்டான். மரியாதையா வழியனுப்பி வச்சுட்டுத்தான் போறான்."

ஜோலீன் சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள்.

போன வருடம் பல நாட்டுப் பெண்கள் கூடிய மாநாட்டுக்கு வெர்னாவை ரெஜைனா நகரத்துக்கு அழைத்தார்கள். கென்யாவிலிருந்து வந்தவள் ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க ஊர்லயும் ஆட்டுக்காகத்தான் திரும்பிப் போறாங்க" என்றாள்.

"அப்ப உங்க ஊருக்கும் ஒரு வண்டி வேணும்" என்றாள் வெர்னா.

இங்கே இப்போது இரண்டாவது வண்டியும் ஓடுகிறது. ஓட்டுவது ஜோலீன். எதிரே யார் வந்தாலும் சரி, கர்டே வந்தாலும் சரி, நிமிர்ந்து உட்கார்ந்து விரலைத் தூக்குகிறாள்.