நீலக் குண்டுகள்

துப்பாக்கிக் குண்டு வார்க்கும் அச்சின் தலையில் மரக்கட்டையால் ஒரு தட்டு தட்டினால் மேல்தகடு விலகும். கைப்பிடிகளைப் பிரித்தால் ஈரத் துண்டின் மேல் பொத்தென்று இரண்டு குண்டுகள் விழும். டெல்பர்ட் டாக்கெட் உடனே குனிந்து பார்க்க மாட்டார். விழுகிற சத்தத்திலேயே பாதி தெரிந்துவிடும் அவருக்கு. நன்றாக வந்திருந்தால் "இது தேறும்" என்பார். அச்சு சூடேறாமல் சுருக்கம் விழுந்திருந்தால் இடுக்கியால் தூக்கிக் கொதிக்கும் ஈயச் சட்டிக்குள்ளேயே திரும்பப் போட்டு, "போய் மறுபடியும் படிச்சிட்டு வா" என்பார்.

கிழக்குக் கென்டக்கி மலைப்பக்கத்தில் எல்லோரும் காருக்குத்தான் கொட்டகை கட்டுகிறார்கள். டெல்பர்ட்டின் வண்டி மழையில் நிற்கிறது. கொட்டகைக்குள் ஈயம் இருக்கிறது. டயர் கடைகளில் கழித்துப் போடும் சக்கர எடைக்கட்டிகளை வாளி வாளியாக வாங்கி வந்து உருக்குவார். அழுக்குப் பிரிய மெழுகுவர்த்தித் துண்டு ஒன்றைப் போடுவார். குப்பென்று புகை கிளம்பும். வீட்டுக்குள் மனைவி நடீன் சமையலறை ஜன்னலைப் படாரென்று சாத்துவாள். மத்தியானம் பீன்ஸும் சோள ரொட்டியும் தட்டில் விழுவதற்கு முன் அவர் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவியாக வேண்டும். அந்த விஷயத்தில் நடீன் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

அலமாரியில் வரிசையாக அச்சுகள். அவற்றைப் பற்றி அவர் பேசினால் சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுகிறார் என்றுதான் நினைக்கத் தோன்றும். செல்லப்பிள்ளை 'தட்டைமண்டை'. காகிதத்தில் பஞ்ச் போட்டது போல ஓட்டை விழ வைக்கும். கடைசியில் எண்ணெய்த் துணியில் சுற்றிக் கிடப்பவன் 'குண்டன்'. அவனுடைய குண்டுகள் எல்லாம் ஒரு மயிரிழை கூடுதல் பருமனாகவே விழும். "தின்னே கெட்ட பய. யாராவது கேட்டா வித்துடுவேன்" என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். யாரும் கேட்கவில்லை.

வார்த்த குண்டு அப்படியே துப்பாக்கிக்குள் போகாது. மெழுகு பூசி, இரும்பு வளையம் ஒன்றின் வழியாக அழுத்தித் தள்ளி, எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் தோட்டாவில் செருக முடியும். டெல்பர்ட்டின் வளையம் ஐம்பத்தேழு. அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்துச் சொல்கிற கணக்கு அது. முன்னால் வரும் முந்நூறை அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அவர் துப்பாக்கிக்கு அது கச்சிதமாகப் பொருந்தியதால் அந்த வளையம் அழுத்தும் கருவியை விட்டு இறங்கியதே இல்லை. "வளையத்துக்குக் குறைக்கத்தான் தெரியும், கூட்டத் தெரியாது. அச்சப் பாத்து எடுங்கடா" என்று புதிதாக வருகிறவர்களிடம் கறாராகச் சொல்வார்.

சனிக்கிழமைகளில் சுடும் திடலில் அவர்தான் வைத்தியர். யாருக்காவது குறி தவறினால் துப்பாக்கியைக் காலி செய்து, தோட்டா செருகும் உருளையைத் திறந்து அவரிடம் நீட்டுவார்கள். துப்பாக்கிக்காரன் குழலின் பின்வாயில் தன் கட்டைவிரல் நகத்தை வைத்துப் பிடிக்க வேண்டும். வெயில் நகத்தில் பட்டுக் குழலுக்குள் வெளிச்சம் ஏறும். டெல்பர்ட் முன்வாயில் ஒரு கண்ணை வைப்பார். நகம் பிடிப்பது மற்றவர்கள் வேலை, பார்ப்பது அவர் வேலை.

"ஈயம் கோடு கோடா அப்பியிருக்கு பாரு. குண்டு சின்னதுடா. சந்துல நெருப்பு பூந்து ஈயத்த உருக்குது. உன் துப்பாக்கி அளவு என்ன?"

"தெரியலயே, டெல்பர்ட்."

"பொண்டாட்டி செருப்பு அளவாவது தெரியுமா, அதுவும் தெரியாதா?"

திடல் சிரிக்கும். பெஞ்சில் உட்கார்ந்து தன் குழலைக் கம்பித் தூரிகையால் தேய்த்துக்கொண்டே நடீனும் சிரிப்பாள்.

இந்தச் சீரான வாழ்க்கைக்குள் வந்து சேர்ந்தவர் வெண்டல் ப்ரூயிட். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்தவர். இஸ்திரி போட்ட சட்டை, கத்தரித்த மீசை, பெண்களைக் கண்டால் தொப்பியைத் தொட்டு "வணக்கம் மேடம்". அவரும் வீட்டில் குண்டு வார்க்கிறவர்தான். ஆனால் மெழுகு பூசுவதில்லை. நீலப் பொடியில் போட்டுக் குலுக்கி, ரொட்டி சுடும் சின்ன அடுப்பில் வைத்து வாட்டி எடுக்கிறார். குண்டு பளபளவென்று மயில் கழுத்து நிறத்தில் வருகிறது.

"ஈயத்துக்கு நகப்பூச்சு! அடுத்த வாரம் கம்மல் போட்டுக் கூட்டிட்டு வருவான்" என்றார் டெல்பர்ட். அன்றைக்கும் திடல் சிரித்தது. ஆனால் அடுத்த வாரம் நடீனின் பைக்குள் துடைக்கும் துணி தேடிக் கை விட்டவருக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா அகப்பட்டது. திறந்தார். உள்ளே எல்லாம் நீலம்.

மூடி, எடுத்த இடத்திலேயே வைத்தார். கல்யாணமான நாள் முதல் அவருடைய காப்பித் தகர டப்பாவிலிருந்து எடுத்துச் சுட்டவள் அவள். குறிக்கு நிறுத்திய ஆறு இரும்புத் தட்டில் மூன்று விழும், சில நாள் நான்கு. "கை ஆடுது உனக்கு" என்று அவர் சொல்வார், அவளும் சரி என்பாள். அன்றைக்கு அவள் நின்றாள், சுட்டாள், ஆறும் மடமடவென்று சாய்ந்தன. திடல் முழுக்கக் கைதட்டியது. டெல்பர்ட்டும் தட்டினார். வெண்டல் தொப்பியைத் தொட்டு, "அருமை மேடம்" என்றார். அந்த 'மேடம்' என்ற சொல்லை அப்படியே பிடுங்கி ஆற்றில் எறியலாம் போல இருந்தது அவருக்கு.

பொறாமை என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வந்திருப்பார். ஆனால் அந்த வாரம் அவர் தன் சட்டைக்குத் தானே இஸ்திரி போட்டுப் பாக்கெட்டைக் கருக்கினார். வெண்டலிடம் இருப்பது என்ன அச்சு என்று சுற்றி வளைத்து விசாரித்து அதையே தருவித்தார். வார்த்துப் பார்த்தால் தன்னுடையதை விட ஒன்றும் ஒசத்தியாகத் தெரியவில்லை. அதையும் ஐம்பத்தேழுக்கு அழுத்தி, காப்பி டப்பாவை நிரப்பி, அவள் பைக்குப் பக்கத்தில் கண்ணில் படுகிற மாதிரி வைத்தார். சனிக்கிழமை டப்பா வைத்த இடத்திலேயே இருந்தது. நடீன் நீலத்தோடு போய் வந்தாள்.

சாப்பாட்டு மேசையில் வெடித்துவிட்டார். "அந்த அடுப்புலதான் உனக்கு ரொட்டியும் சுட்டுத் தர்றானா?"

"யாரு?"

"யாரா? தொப்பிக்காரன்!"

நடீன் சோள ரொட்டியில் நிதானமாக வெண்ணெய் தடவினாள். "ரொட்டியெல்லாம் தரல. குண்டுதான் தந்தாரு."

"அப்படி என்ன இருக்கு அவன் குண்டுல? நீலமா? நீலம்தான் வேணும்னா நான் அடிச்சுத் தர மாட்டேனா பெயிண்டு?"

"நிறத்துல என்ன இருக்கு, டெல்?" கத்தியைக் கீழே வைத்தாள். "அவரு ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. உங்க துப்பாக்கி என்ன அளவு, மேடம்னு. தெரியாதுன்னேன். மெத்துனு ஒரு ஈயக் கட்டிய குழலுக்குள்ள தள்ளி எடுத்து அளந்தாரு. ஐம்பத்தொம்பது."

"ஐம்பத்தொம்பதா?"

"எங்கப்பா துப்பாக்கி அது. பழசு. கொஞ்சம் பெருசு. உன் ஐம்பத்தேழு அதுக்குள்ள லொடலொடன்னு போயிருக்கு, இத்தன வருஷமா."

டெல்பர்ட் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் பெஞ்சில் உட்கார்ந்து அவள் கம்பித் தூரிகையால் தேய்ப்பாளே, கருப்புக் கருப்பாய் ஈயம் உதிருமே, அது அவர் கண்ணெதிரில்தான் உதிர்ந்தது. ஊரார் குழலையெல்லாம் எட்டிப் பார்த்தவர். "தேச்சுத் தேச்சு உயிரை விடாதே, வா போகலாம்" என்று வண்டியில் ஹாரன் அடித்தவரும் அவர்தான்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேக்கவே இல்லயே," என்றாள் நடீன். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

அப்போதும் வெண்டல் மேல் எரிச்சல் தீர்ந்ததா என்றால், இல்லை, கூடியது. தன் வீட்டுத் துப்பாக்கியை இன்னொருவன் அளந்துவிட்டான். தான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அவன் தொப்பியைத் தொட்டுக்கொண்டே கேட்டுவிட்டான். காலையில் கொட்டகைக்குப் போனதும் ஈயச் சட்டியை ஓர் உதை விட்டார். கால் வலித்தது. பிறகு எண்ணெய்த் துணியைப் பிரித்துக் குண்டனை வெளியே எடுத்தார்.

தட்டைமண்டையால் ஆகாது, புது அச்சாலும் ஆகாது. அவற்றின் குண்டுகள் பிறக்கும்போதே ஒல்லி; வெண்டலுக்கு நீலப் பூச்சு பருமனைக் கூட்டிக் கொடுக்கிறது. குண்டன்தான் அறுபதுக்கு விழுவான். நாள் முழுக்க வார்த்தார். வளையம்தான் இடித்தது. ஐம்பத்தேழைக் கருவியிலிருந்து இறக்கினார். குச்சியில் உப்புத்தாள் சுற்றி உள்ளே விட்டுச் சுழற்ற ஆரம்பித்தார். சுழற்றுவது, ஒரு குண்டைத் தள்ளி அளப்பது, ஐம்பத்தொம்பது வரும்வரை மறுபடி சுழற்றுவது. அகன்ற வளையம் திரும்பச் சுருங்காது, தன் துப்பாக்கிக்கு இனி உதவாது என்று அவருக்குத் தெரியாதா என்ன?

சனிக்கிழமை பெஞ்சில் இரண்டு டப்பாக்கள் இருந்தன. நீலம் ஒன்று, காப்பி டப்பா ஒன்று. டெல்பர்ட் வேறெங்கோ பார்ப்பது போல நின்றார். நடீன் காப்பி டப்பாவைத் திறந்து ஒரு தோட்டாவை எடுத்து விரல்களுக்கிடையில் உருட்டினாள்.

"குண்டனா?"

"ம்."

"வித்துடுவேன்னியே?"

"சும்மா சுடுடி."

சுட்டாள். ஐந்து தட்டுகள் விழுந்தன. ஆறாவது ஆடிவிட்டு நின்றுகொண்டது. வெண்டல் தொப்பியைத் தொட்டு என்னவோ சொன்னார். டெல்பர்ட்டின் காதில் விழவில்லை. அவர் பெஞ்சைச் சுற்றிக்கொண்டு வந்து, காலி செய்து திறந்த துப்பாக்கியை அவள் கையிலிருந்து வாங்கினார். முன்வாயில் கண்ணை வைத்தார். நடீன் பின்வாயில் நகத்தைப் பிடித்தாள்.

கண்ணாடி போலக் குழல். ஒரு கோடு கிடையாது.

நெடுநேரம் பார்த்தார். வரிசையில் நின்றவர்கள் இருமினார்கள். கண்ணை எடுத்தபோது வெண்டல் இரண்டடி தள்ளி நின்று, கேட்கத் தயங்கியபடி கழுத்தை நீட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது.

டெல்பர்ட் ஒரு மூச்சு விட்டார். துப்பாக்கியின் முன்வாயை வெண்டல் பக்கம் திருப்பிக் கொடுத்துவிட்டு, சுட்டுக் கருத்துப்போன தன் கட்டைவிரல் நகத்தைப் பின்வாயில் வைத்து, வெயில் உள்ளே விழும்படி சாய்த்துப் பிடித்துக்கொண்டார்.