பென்சில்தானே, அழிச்சால் புதுசு

ஸமீமாவுக்கு அந்தப் புத்தகங்களை விற்றவள் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வெள்ளவத்தையில் எங்கள் ஃப்ளாட்டுக்கு நேர் கீழே அவள் வீடு. கணவர் மௌத்தாகி ஆறு வருடம். காலி வீதியில் ஒரு புடவைக் கடையில் வேலை. மகள் ருஷ்தாவுக்குப் பத்து வயது. வகுப்பில் இரண்டு தடவை வலிப்பு வந்ததும், சுகமாகும்வரை வீட்டில் வைத்திருக்கச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் அனுப்பிவிட்டார்கள். களுபோவில ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் மருந்து எடுக்கிறாள். வேறொரு இங்கிலிஷ் மீடியம் பள்ளியில், ஜனவரியில் சோதனை வைத்துச் சேர்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அதில் தவறினால் பிள்ளைக்கு ஒரு வருடம் போய்விடும்.

வீட்டிலிருந்து எதைப் படிப்பிப்பது? ஒன்லைன் வகுப்புக்கு மாதாமாதம் கேட்டது அவள் சம்பளத்தில் பாதி. புதுப் பயிற்சிப் புத்தகங்களின் விலையைக் கேட்டுவிட்டு வாங்காமல் வந்துவிட்டாள். அப்போதுதான் நான் மூக்கை நுழைத்தேன். கனடாவுக்குப் போன என் மகள் டிலக்ஷியின் லண்டன் சிலபஸ் புத்தகங்கள் அலுமாரியில் கிடந்தன. பக்கம் பக்கமாக விடை எழுதியிருந்தாள்.

"பென்சில்தானே ஸமீமா, அழிச்சால் புதுசு," என்று அரை விலை சொன்னேன். சும்மா கொடுத்திருக்கலாம். புத்தி எங்கே போனதோ!

கடையில் ஆளில்லாத நேரமெல்லாம் அழிறப்பரும் கையுமாக இருந்து, இரண்டு கிழமையில் எல்லாவற்றையும் அழித்து முடித்தாள்.

பிறகு நாலு மாதம். அவள் வேலைக்குப் போனதும் ருஷ்தா எழுதுவாள். வேலையால் வந்து, நிறைந்த பக்கங்களுக்கெல்லாம் ஸமீமா சிவப்புப் பேனையால் சரி போடுவாள். அவள் படித்தது தமிழில். இங்கிலிஷை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். "பாருங்க அக்கா, புள்ள ஒரு இடமும் வெறுமையா உடல்ல," என்று கொண்டுவந்து காட்டுவாள். நானும் இரண்டாம் பக்கத்தைப் புரட்டாமலே, "கெட்டிக்காரி," என்பேன்.

போன ஞாயிறு, சோதனைக்கு ஐந்து கிழமை இருக்க, கடைசிப் புத்தகத்தோடு மேலே வந்தாள். பின்னால் ருஷ்தா. வந்ததும் வராததுமாக ஸமீமா புத்தகத்தை விரித்தாள். தன்னைப் பற்றி எழுதச் சொன்ன பக்கத்தில் விரலை வைத்து, எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"மை நேம் இஸ்... டிலக்ஷி."

நான் புத்தகத்தை யன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தேன். என் மகள் எப்போதும் தாள் குழியும்படி அழுத்தித்தான் எழுதுவாள். பென்சில் அழிந்திருந்தது, குழி அழியவில்லை. அந்தக் குழிகளின் மேலேயே ருஷ்தா ஒவ்வொரு எழுத்தாகப் பென்சிலை ஓட்டியிருந்தாள். புரட்டிய பக்கமெல்லாம் அப்படித்தான். எனக்குத் தலைகுனிவாக இருந்தது.

"ஏன் புள்ள இப்பிடிச் செஞ்ச?" ஸமீமா மகளைப் பார்த்துக் கேட்டாள்.

"எனக்கு இங்கிலிஷ் விளங்கல்ல உம்மா," என்றாள் ருஷ்தா. "முதல் நாளே சொல்லத்தான் இருந்த. நீங்க வந்து சரி போட்டுட்டு, அவ்வளவு சந்தோசமாச் சிரிச்சீங்க."