ஹமீது பாய் குத்திப் பார்த்த மூட்டை

அச்சரப்பாக்கம் நெல் மண்டியில் ஹமீது பாயின் குத்தூசி படாத மூட்டை கிடையாது. மூன்றாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு மூட்டை தூக்க வந்தவர், அதே மண்டிக்கு முதலாளியானார். கோணியில் ஊசியைச் சொருகி, வந்து விழுகிற நெல்லை உள்ளங்கையில் உருட்டுவார். ஈரமா, பதரா, போன வருஷத்துச் சரக்கா, எல்லாம் சொல்லிவிடுவார். "ஒரு குத்து போதும். மூட்டைய அவுத்துக் கொட்டிப் பாக்குறவன் வியாபாரி இல்ல, எலி" என்பார்.

அப்படிப்பட்டவருக்குத் தலைக்குள் கட்டி வந்தது. சென்னையில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். எடுத்ததில் ஒரு துணுக்கை மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வந்த அன்று டாக்டர் ஜெபா பொறுமையாகத்தான் விளக்கினார். கட்டிக்குள் எந்த மரபணுக்கள் ஆட்டம் போடுகின்றன, எவை அடங்கிக் கிடக்கின்றன என்று பார்த்து மார்க் போடுவார்களாம். இதே ஜாடையுள்ள கட்டி வந்தவர்களில் பாதிப் பேர் ஒன்றேகால் வருஷத்தைத் தாண்டவில்லையாம்.

"மீதிப் பாதி தாண்டினவங்க பாய். பல வருஷம் இருக்கிறவங்களும் உண்டு. நீங்க எந்தப் பாதின்னு இத வெச்சு சொல்ல முடியாது."

பாய் சிரித்தார். துணுக்கை எடுத்து மொத்தத்தையும் சொல்கிற வித்தையை இவர்கள் இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறார்கள். அவர் மீசை முளைத்த நாளிலிருந்து அதைத்தானே செய்கிறார்.

"புரிஞ்சுபோச்சும்மா. குத்திப் பாத்துட்டீங்க, சரக்கு சரியில்ல."

சாவுக்கு அவர் பயப்படவில்லை. அவரை அரித்தது தம்பி ஹுசைன். பாய்க்கு ஆண்பிள்ளை இல்லை. ஒரே மகள் மலீஹா. அவர் மவுத்தாகிப்போனால், நிக்காஹ்வில் வலீயாக உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொடுக்கிற உரிமை தம்பிக்குப் போய்விடும். மூட்டை தூக்கிய காலத்தில், வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் முன்னால், "அது யாரோ கூலி ஆளு" என்று சொந்த அண்ணனைக் காட்டியவன் அவன். அவன் வந்து தன் மகளுக்குத் தகப்பன் இடத்தில் குந்துவதா?

மலீஹா செங்கல்பட்டில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். முடிக்க இன்னும் ஒரு வருஷம் பாக்கி.

"அத்தா, நீ குத்துற மூட்டையில உள்ள கீறத அப்படியே பாத்துடற. இவங்க உன் நெல்லப் பாத்துட்டு, இதே மாதிரி நெல்லு முன்ன வந்தப்போ எத்தினி மூட்ட கெட்டுது, எத்தினி மூட்ட தாங்குச்சுன்னு சொல்றாங்க. நீ கெட்டுடுவேன்னு யாரு சொன்னா?"

"நீ புஸ்தகத்துல படிக்கிற. நான் கையில படிச்சவன்."

"ஒரே வருஷம் அத்தா. முடிச்சிட்டு நீ காட்டுற ஆளையே கட்டிக்கிறேன்."

"ஒரு வருஷம் கழிச்சு உன் சின்னத்தா வந்து குந்துவான். சரியா உனக்கு?"

மனைவி உம்மு சல்மா குறுக்கே வந்தாள். "புள்ள மூஞ்சியக் கொஞ்சம் பாருங்க."

"என் மூஞ்சியப் பாரு மொதல்ல. இன்னும் எத்தினி நாளைக்குப் பாக்கப்போற?"

அந்த வாரமே மாப்பிள்ளை தேடக் கிளம்பினார்.

திருப்போரூரில் மனை விற்கும் ஆகிப்தான் மாப்பிள்ளை. பாய் அக்கம்பக்கத்தில் விசாரிக்கவில்லை. கையைக் குலுக்கியே ஆளை எடைபோட்டார். கல்யாணத்துக்குப் பிறகும் படிக்கட்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னதை அப்படியே வாங்கிக்கொண்டார். நிக்காஹ் அன்று சாட்சிகளோடு ஜமாத் பெரியவர் சம்மதம் கேட்டு வந்தபோது, மலீஹா அத்தாவின் தலையிலிருந்த தையல் தழும்பைப் பார்த்துக்கொண்டே தலையசைத்தாள். ஹுசைன் கடைசி வரிசையில் உட்கார்ந்து பிரியாணி தின்றுவிட்டுப் போனான். அதைப் பார்த்தே பாய்க்கு வயிறு நிறைந்தது.

மலீஹா அப்புறம் கல்லூரி வாசலை மிதிக்கவில்லை. "எங்க வூட்ல யாருக்கு இன்னா நோவு, நர்சு வேணும்றதுக்கு?" என்று மாமியார் கேட்டாள். தான் போனபிறகு மகளுக்கு அந்த வீடுதானே என்று பாய் சண்டைக்குப் போகவில்லை.

ஆனால் பாய் சாகவில்லை. ஒன்றேகால் வருஷம் போனது. இரண்டு போனது, மூன்றும் போனது. மண்டிக்கு வந்தவன் போனவனுக்கெல்லாம் அந்தக் கதையைச் சொன்னார்.

போன மாசம் ஸ்கேனுக்கு மலீஹாதான் துணைக்கு வந்தாள், மாமியாரிடம் கேட்டுக்கொண்டு.

"கட்டி திரும்ப வரல பாய்" என்ற டாக்டர், மலீஹா பக்கம் திரும்பினார். "நீங்க நர்சிங் முடிச்சிட்டீங்களாம்மா?"

"இல்ல மேடம்" என்று ஸ்கேன் படத்தை உறைக்குள் தள்ளினாள்.

ஊர் திரும்பும் வழியில், செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் பாய் நெஞ்சை நிமிர்த்தினார். "பாத்தியா, அந்த ஜீனு கீனு எல்லாத்தையும் பொய்யாக்கிட்டேன்."

"அவங்க பொய் சொல்லல அத்தா. பாதிப் பேருன்னுதான் சொன்னாங்க."

"நான் உசுரோட கீறதுல உனக்கு சந்தோஷம் இல்லியா?"

"சந்தோஷம்தான். நான் தொழுது துவா கேட்டதும் அதுக்குத்தான்." திருப்போரூர் பஸ் வந்து நின்றது. உறையை அவர் கையில் கொடுத்தாள். "நீ போயிருந்தா, அத்தா அவசரப்பட்டதுல அர்த்தம் இருந்துதுன்னு மனசத் தேத்திக்கினு இருப்பேன். இப்போ அதுவும் இல்ல."

ஏறிப் போய்விட்டாள்.

அச்சரப்பாக்கம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் உறையைப் பார்த்து, "ஆஸ்பத்திரியா பாய்?" என்றார்.

"எனக்கு ஒன்னேகால் வருஷம்தான்னாங்க" என்று பாய் ஆரம்பித்தார். அந்த ஆள் வாய்பிளந்து கேட்டார். படாளம் தாண்டியும் கதை ஓடியது.

"புள்ளைங்க எத்தினி?"

"ஒரே பொண்ணு. கட்டிக் குடுத்துட்டேன்." பாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "வேற எவனையும் வுடல. என் கையாலயே குடுத்தேன்."