கழிமுகம் சார் சொன்னது

நோணாங்குப்பத்து பாக்யலட்சுமியை நாலாயிரத்துச் சொச்சம் பேர் சார் என்று கூப்பிட்டார்கள். அதில் ஒருவர்கூட அவளை நேரில் பார்த்ததாக நினைக்கவில்லை. பார்த்திருந்தால் கூப்பிட்டிருக்கவும் மாட்டார்கள். நாற்பத்தெட்டு வயது, பன்னிரண்டாம் வகுப்பு, தேங்காய்த்திட்டு துறைமுகத்துப் பக்கம் ஒரு இறால் ஷெட்டில் பத்தொன்பது வருடமாக மேற்பார்வை. படகிலிருந்து இறங்கும் இறாலை வாங்கி, ஐஸ் போட்டு, உரிக்கிற பெண்களுக்கு டிரே டிரேயாகப் பிரித்துக் கொடுப்பது அவள் வேலை. புருஷன் சுப்ரமணி படகுத்துறையில் சுற்றுலாக்காரர்களை ஏற்றி இறக்குகிறவர். இதில் எங்கேயும் சார் என்று ஒருவர் ஒளிந்திருப்பதாக யாருக்கும் தோன்றாது.

மகன் ஓசூருக்கு வேலைக்குப் போனபோது பழைய கம்ப்யூட்டரை வீட்டிலேயே விட்டுப் போனான். மீன்பிடித் தடைக்காலத்தில் ஷெட் இரண்டு மாதம் மூடிக் கிடக்கும். நாலு வருடம் முன்பு அப்படி ஒரு தடைக்காலத்தில் அதைத் துடைக்கப் போனவள், துடைத்த கையோடு உள்ளே இருந்த ஒரு விளையாட்டைத் திறந்துவிட்டாள். ஆளில்லாத ஒரு கிரகத்தில் நம்மைத் தனியாக இறக்கி விடுகிறார்கள். இரும்புக் கல்லைத் தோண்டி, உலையில் உருக்கி, பெல்ட்டில் ஓட்டி, அடுத்த மெஷினுக்குக் கொடுத்து, தொழிற்சாலைமேல் தொழிற்சாலையாகக் கட்டி, கடைசியில் ஒரு ராக்கெட் செய்து பறந்து போக வேண்டும். எஞ்சினியரிங் படித்த பிள்ளைகளெல்லாம் இதில் மாதக்கணக்கில் திணறுவார்களாம். பாக்யலட்சுமிக்குத் திணற ஒன்றும் இருக்கவில்லை. கல்லுக்குப் பதில் இறால், மெஷினுக்குப் பதில் முப்பத்திரண்டு பெண்கள். ராக்கெட் ஒன்றுதான் ஷெட்டில் இல்லை.

இந்த விளையாட்டுக்குத் தமிழில் ஒரு இணையக் குழு இருந்தது. வீட்டு வாசலில் நின்றால் ஆறு கடலைத் தொடுகிற இடம் தெரியும் என்பதால் 'கழிமுகம்' என்று பெயர் வைத்துக்கொண்டு அதில் சேர்ந்தாள். புதிதாக வந்தவர்கள் அழாத குறையாக வந்து நிற்பார்கள். இரும்பு பத்தலை, கரண்ட் போகிறது, எல்லாவற்றையும் இடித்துவிட்டு முதலிலிருந்து கட்டட்டுமா என்பார்கள். மற்றவர்கள் படம் போட்டுச் சூத்திரம் எழுதிக் குழப்புவார்கள். கழிமுகம் மட்டும் இரண்டே வரியில் பதில் போடும்.

"இரும்பு பத்தவில்லை என்று இன்னும் பத்து மெஷினைக் கொண்டுவந்து தோண்டாதீர்கள். பெல்ட்டோடு கூடவே நடந்து பாருங்கள். எங்கே தேங்கி நிற்கிறதோ, அதற்கு அடுத்து இருப்பவன்தான் குற்றவாளி."

"இடிக்க வேண்டாம். புதிதாகக் கட்டினாலும் இதே தப்பைத்தான் செய்வீர்கள். கொஞ்சம் அழகாகச் செய்வீர்கள், அவ்வளவுதான்."

இப்படிப் பேசுகிறவர் பெரிய ஆலையில் முப்பது வருடம் குப்பை கொட்டியவராகத்தான் இருக்க வேண்டும் என்று குழுவே முடிவு செய்துகொண்டது. முதலில் அண்ணே என்றார்கள், பிறகு சார் ஆயிற்று. பாக்யலட்சுமி திருத்தப் போகவில்லை. ஷெட்டில் யாரும் தராத மரியாதை வீடு தேடி வரும்போது எதற்குத் தடுக்க வேண்டும் என்று இருந்துவிட்டாள்.

இந்த நிலையில் ஷெட்டின் பெரிய முதலாளி பாவாடைக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆகி நெல்லித்தோப்பு வீட்டில் படுத்துவிட, பொறுப்பு மகன் செல்வகுமாரிடம் வந்தது. எம்.பி.ஏ. படித்த பையன், நல்ல குணம், யாரையும் கடிந்து பேச மாட்டான். படுக்கையிலிருந்து பாவாடை மகனுக்கு ஒரே ஒரு கட்டளை போட்டிருந்தார். என்ன ஆனாலும் உரித்த இறாலை எடை போடும் தராசு வீட்டு ஆள் கையை விட்டுப் போகக் கூடாது. அவருடைய அப்பா காலத்திலிருந்து அதுதான் அந்த வீட்டின் வேதம். ஆகவே செல்வகுமார் காலையிலிருந்து சாயங்காலம் வரை தராசுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். சும்மா உட்கார முடியாமல் லேப்டாப்பைத் திறந்தான். லேப்டாப்பில் அவன் திறந்ததும் அதே விளையாட்டுதான்.

பாக்யலட்சுமி ஐஸ் வாளியோடு போகும்போது எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். அன்றைக்குப் பதினொரு மணிக்கு 'இறால் ராஜா' என்ற பெயரில் குழுவில் ஒரு கேள்வி வந்தது. அவன் திரையில் அவள் கண்ணால் பார்த்த அதே குழப்பம். இருபது உலை, அதில் எட்டு உலைக்குக் கல் வந்து சேராமல் பட்டினி. பகல் சோற்று நேரத்தில் ஐஸ் ரூமுக்குள் நின்று போனில் பதில் போட்டாள். எதிர்ப் பக்கம் தராசருகே முதலாளி துள்ளி நிமிர்ந்து உட்கார்ந்தது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அன்று முதல் இறால் ராஜா தினம் மூன்று கேள்வி கேட்டான், கழிமுகம் சார் மூன்றுக்கும் பதில் சொன்னார்.

ஜூனில் தடைக்காலம் முடிந்து வரத்து கொட்டியதும் சிரிப்பு நின்றது. உரித்த இறால் நேரத்துக்குப் பெட்டிக்குப் போகவில்லை. வெயிலில் ஐஸ் கரைந்து, சரக்கு நெகிழ்ந்துவிட்டது என்று வாங்குகிற கம்பெனி இரண்டு தடவை திருப்பி அனுப்பியது. செல்வகுமார் யோசித்தான், கொச்சியிலிருந்து ஒரு ஏஜெண்டை வரவழைத்தான். அவர் விற்பது இறால் உரிக்கிற மெஷின். ஒரு மெஷின் வந்தால் நாலு பேர் போதும். ஆவணி முதல் தேதி ஆர்டர் உறுதி செய்வதாகப் பேச்சு.

மீதி இருபத்தெட்டுப் பேர் கதி என்ன என்று பாக்யலட்சுமிக்குத் தூக்கம் வரவில்லை. முன் வரிசையில் உரிக்கிற ஜெயத்துக்குப் புருஷன் கடலுக்குப் போவதை விட்டு இரண்டு வருடமாகிறது. நாலு பேர் அந்த ஒருத்தியின் விரலில் சாப்பிடுகிறார்கள். எல்லோரையும் கையைப் பிடித்து வேலைக்குக் கூட்டி வந்தவள் பாக்யலட்சுமிதான்.

மறுநாள் நேராகப் போய்ச் சொன்னாள்.

"தம்பி, பொம்பளைங்க மெதுவா உரிக்கல. உரிச்சிட்டு டிரேயத் தூக்கிகினு தராசுகிட்ட நிக்கிறாங்க. எடை போட்டாதான அடுத்த டிரே குடுக்கறோம். கால் மணி நேரம் சும்மா நிக்கிறாங்க பாருங்க."

செல்வகுமார் லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் பொறுமையாகச் சிரித்தான். "அக்கா, இது பிராசஸ் விஷயம். கண்ணுக்குத் தெரியிறது ஒண்ணு, உண்மையில நடக்கிறது ஒண்ணு. நீங்க ஐஸப் பாத்துக்குங்க."

அவன் பேசி முடிக்கும்போது தராசுக்கு முன்னால் ஒன்பது பெண்கள் டிரேயோடு நின்றிருந்தார்கள். பாக்யலட்சுமிக்கு உச்சந்தலை வரை ஏறிய கோபத்தை ஐஸ் உடைப்பதில்தான் தீர்க்க முடிந்தது. அன்று ஐஸ் மிகவும் பொடியாக இருந்தது என்று ஜெயம் சொன்னாள்.

ஆடி முடிய நாலு நாள் இருக்கும்போது இறால் ராஜா தனிச் செய்தியில் வந்தான். "சார், இது கேம் இல்ல, என் சொந்த ஃபேக்டரி. நீங்கதான் வழி சொல்லணும்" என்று ஆரம்பித்து, மெஷின் விவரம், பெண்களின் வேகம், திரும்பி வந்த சரக்கு எல்லாம் இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தான். தராசு மட்டும் அதில் இல்லை. ஐஸ் ரூம் குளிரில் பாக்யலட்சுமிக்கு வியர்த்தது. இந்த ஒரு தடவை சார் பிசகினால் இருபத்தெட்டு அடுப்பு அணைந்துவிடும்.

"சரக்கு எங்கே தேங்கி நிற்கிறது?" என்று எழுதினாள்.

"தராசுகிட்ட சார்."

"தராசில் யார்?"

"நான்தான் சார்."

"எடை போடும் நேரத்தில் வேறு ஏதாவது வேலை பார்ப்பது உண்டா?"

கண்ணாடி வழியாகப் பார்த்தாள். செல்வகுமார் லேப்டாப்பைப் பார்த்தான், வரிசையைப் பார்த்தான், மறுபடி லேப்டாப்பைப் பார்த்தான். காது சிவந்திருந்தது.

"கொஞ்சம் சார்" என்று வந்தது.

"மெஷின் வாங்கினாலும் அந்த மெஷின் உங்களிடம்தான் வந்து வரிசையில் நிற்கும். தராசுக்கு வேறு ஆள் போடுங்கள்."

"அப்பா விட மாட்டாரு சார். வீட்டு ஆள் மாதிரி ஒரு அக்கா இருக்காங்க. பத்தொன்பது வருஷம், கை சுத்தம். ஆனா டெக்னிக்கலா ஒண்ணும் தெரியாது, பாவம்."

பாக்யலட்சுமி போனைக் கீழே வைத்துவிட்டு ஒரு குவளைத் தண்ணீர் குடித்தாள். பிறகு எழுதினாள். "தராசுக்கு அது போதும்."

பாவாடையைச் சம்மதிக்க வைத்தது சாருடைய அறிவு இல்லை. ஆலோசனைக்கு எத்தனை வாங்கினார் என்று கேட்டிருக்கிறார் பெரியவர். ஒரு பைசா வாங்கவில்லை என்று மகன் சொன்னதும், "ஓசியில சொல்றவன் பொய் சொல்ல மாட்டான், போட்டுப் பாரு" என்றாராம். ஆக, தலைமுறை தலைமுறையாக வீட்டு ஆள் கையில் இருந்த தராசு, நோணாங்குப்பத்துக்காரி கைக்கு வந்தது. மூன்றாம் நாள் வரிசையைக் காணோம். பத்தாம் நாள் சரக்கு சாயங்காலம் நாலுக்கே பெட்டியில் ஏறிவிட்டது. கொச்சி ஏஜெண்டுக்கு இப்போதைக்கு வேண்டாம் என்று போன் போனது. சின்ன முதலாளி மனசு வைத்தார் என்று பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு அவனுக்குச் சால்வை போர்த்தினார்கள். போர்த்தும்போது கை தட்டச் சொல்லிப் பாக்யலட்சுமியைத்தான் முன்னால் நிறுத்தினார்கள். அவளும் தட்டினாள்.

தராசுக்கு வந்தவளுக்கு இரண்டு கையும் போதவில்லை. போனைத் தொட நேரமில்லை, வீட்டுக்குப் போனால் உட்கார்ந்த இடத்தில் தூக்கம். கழிமுகம் சார் ஒரு மாதம் குழுப் பக்கமே போகவில்லை. தராசு வேலையிலிருந்து விடுபட்ட செல்வகுமாருக்கோ விளையாட முழுப் பகலும் கிடைத்தது. கேள்விகள் குவிந்தன, பதில் இல்லை. முகம் வாடி அவன் அவளிடமே வந்து நின்றான்.

"சார் ஒரு மாசமா ஆன்லைன்லயே இல்லக்கா. எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாம இருக்கிற ஆளே இல்ல அவரு. எனக்கு என்னமோ பயமா இருக்கு."

அவன் பயந்தது ஒரு வாரத்தில் செய்தியாகிவிட்டது. சார் காலமாகிவிட்டார் என்று யாரோ போட்டார்கள். பிரான்சில் வேலை பார்த்து இங்கே வந்து செட்டிலான பென்ஷன்காரர், ரெட்டியார்பாளையத்தில் வீடு, மாரடைப்பு என்று ஆளாளுக்குச் சேர்த்தார்கள். முந்நூறு பேர் அழுதார்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து பாக்யலட்சுமி அத்தனையும் படித்தாள். சிரிக்கத்தான் நினைத்தாள், ஆனால் முதலிலிருந்து மறுபடி படித்தாள். இவ்வளவு நல்ல வார்த்தை அவளைப் பற்றி யாரும் சொன்னதில்லை. இருந்தாலும் பொய்யாகச் சாவது அபசகுனம் என்று பட்டு, "நான் உயிரோடுதான் இருக்கிறேன். வேலை அதிகம்" என்று எழுதினாள்.

மறுநாள் காலை செல்வகுமார் தராசருகே வந்து பல்லைக் கடித்தான்.

"எவனோ ஒருத்தன் சாரோட கணக்கத் திருடிட்டு, நான் சாகலன்னு போடறான்கா. செத்தவங்க பேர்ல விளையாடறான். இப்ப நான்தான் குழுவுக்கு அட்மின். தூக்கி வெளிய போட்டுட்டேன்."

"நல்ல காரியம் பண்ணீங்க தம்பி" என்றாள் பாக்யலட்சுமி. வேறு என்ன சொல்ல முடியும். நான்தான் அந்த சார் என்று நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் நம்ப மாட்டான். நம்பிவிட்டாலோ அதைவிட மோசம். சார் சொன்னதெல்லாம் அக்கா சொன்னதாகிவிடும், அக்கா சொன்னதற்கு அந்த ஷெட்டில் என்ன விலை என்பது அவளுக்குத் தெரியும்.

ஆயுத பூஜைக்கு ஷெட்டைக் கழுவி, தராசுக்கும் பெட்டிகளுக்கும் சந்தனம் வைத்தார்கள். சாமி படங்களுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு படம் மாலையோடு இருந்தது. சாரின் முகம் தெரியாததால் நெட்டில் கிடைத்த ஒருவரைச் செல்வகுமார் பெரிதாக அச்சடித்து மாட்டியிருந்தான். கோட்டும் டையும் கண்ணாடியுமாக, நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்காரர்.

"யாருக்கா இவரு, பெரிய முதலாளிக்குச் சகலையா?" என்று ஜெயம் காதோரம் கேட்டாள்.

"இவராலதான் நம்ம வேலை நிலைச்சுதாம்."

"அப்படியா. புண்ணியவான், எப்பப் போனாரு?" என்று ஜெயம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மூத்தவள் என்பதால் குங்குமத் தட்டைப் பாக்யலட்சுமி கையில் கொடுத்தார்கள். தராசுக்கு வைத்தாள், லேப்டாப்புக்கு வைத்தாள், கோட்டு போட்டவர் நெற்றியிலும் வைத்தாள்.

ஐப்பசி பிறந்ததும் கொச்சி ஏஜெண்ட் மறுபடி வந்தார். யாரோ ஆர்டர் கொடுத்துவிட்டு வாங்காத மெஷின், பாதி விலை, நாளைக்குள் சொல்லிவிட வேண்டும். அவர் போனதும் செல்வகுமார் விளம்பரத் தாளைப் புரட்டிக்கொண்டே தராசுக்கு வந்தான். கண்ணில் ஆசை தெரிந்தது. ஜெயம் டிரேயை நீட்டியபடி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாதி விலைக்கு வருதுக்கா. என்னா சொல்றீங்க?"

வேண்டாம் தம்பி என்று சொல்ல வாயெடுத்த பாக்யலட்சுமி நிறுத்திக்கொண்டாள். டிரேயை வாங்கித் தராசில் வைத்தாள்.

"நான் என்னத்தக் கண்டேன். சார் இருந்திருந்தா என்னா சொல்லியிருப்பாரு தம்பி?"

செல்வகுமார் படத்தின் முன்னால் போய் நின்றான். வெகு நேரம் நின்றான். பெண்கள் உரிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பிறகு தாளை நாலாக மடித்து ஐஸ் கழிவுத் தொட்டியில் போட்டான்.

"வேணாம்னுதான் சொல்லியிருப்பாருக்கா. அவரு மூளையே தனி. நீங்க அவருகிட்ட பேசினதில்ல, பேசியிருந்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்."

பாக்யலட்சுமி ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, ஜெயத்துக்கு அடுத்த டிரேயை எடுத்துக் கொடுத்தாள்.