ஒரே அறையில் மூன்று இலாகா

ஜூரா தொலைபேசியில் பேசும்போது கன்னத்துக்குள் காய்ந்த உப்புத் தயிர் உருண்டை ஒன்று இடம் மாறிக்கொண்டே இருக்கும். எதிர்முனையில் மந்திரியே இருந்தாலும் துப்பமாட்டார். ஓஷ் நகரத்தில் தொலைபேசி மோசடிக் கும்பல்களுக்கு எதிராகப் போலீஸ், வங்கிக் கண்காணிப்பு, தொலைத்தொடர்பு என்று மூன்று இலாகாக்களையும் இணைப்பது அந்தப் பெண் அதிகாரியின் வேலை. ஒரே தாழ்வாரத்தில் இருந்துகொண்டு மூன்றும் கடிதத்தில்தான் பேசிக்கொண்டன. "சம்பந்திச் சண்டை நடந்த வீடு மாதிரி இருக்கு" என்றவர், மேஜை நாற்காலிகளைத் தானே இழுத்து வந்து எல்லோரையும் தன் அறையில் உட்காரவைத்தார். உத்தரவு எதுவும் இல்லை.

சென்ற வாரம் பெர்மெத் என்றொரு பெண் பதறி அழைத்தாள். அவளுடைய மாமனார் தோக்தோசுன், ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர், வீட்டை அடகு வைத்த பணத்தை யாருக்கோ அனுப்ப வங்கியில் நிற்கிறார். காதிலிருந்து செல்பேசியை எடுக்கவேயில்லை. மறுமுனையில் ஒருவன், தன்னைப் பாதுகாப்புத் துறை மேஜர் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

ஜூரா கை காட்டியதும் அறையிலிருந்த வங்கிக் கண்காணிப்பு அலுவலர் பணத்தை நிறுத்திவைத்தார். போலீஸ்காரர் ஒருவரும் அந்த வங்கிக்கு ஓடினார். கிழவர் மசியவில்லை.

"போலி போலீஸ் வரும்னு மேஜர் முன்னாடியே சொல்லிட்டாரு. தள்ளி நில்லு தம்பி. இங்க முடியாதுன்னா அடுத்த தெரு பேங்குக்குப் போறேன்."

கிழவரின் செல்பேசி இணைப்பைத் துண்டித்தால்தான் உண்டு. தொலைத்தொடர்பு அலுவலர் மிர்லான் கையைப் பிசைந்தார். "முத்திரை போட்ட கடிதம் வேணும் அக்கா. என் வேலை போயிடும்."

"அந்த மனுஷனுக்கு வீடே போகுது. என் பேரைப் போட்டு கட் பண்ணு. கேட்டா, ஜூரா கழுத்தப் பிடிச்சாள்னு சொல்லிக்கோ."

மிர்லான் துண்டித்தார். கிழவர் செல்பேசியைக் குலுக்கினார். "மேஜர், மேஜர்" என்று கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு போலீஸ்காரர் நீட்டிய செல்பேசியில் மருமகளின் குரலைக் கேட்டதும் வங்கித் தரையிலேயே உட்கார்ந்து அழுதார். வீடு தப்பியது.

மாலையில் துணை இயக்குநர் வந்தார். "யாரைக் கேட்டு கட் பண்ணீங்க?"

"கேட்டுட்டு நிக்க நேரமில்லீங்க. நாளைக்கும் இப்படி வந்தா, நாளைக்கும் பண்ணுவேன்."

மறுநாள் உத்தரவு வந்தது: அவரவர் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்க்க வேண்டும். மேஜைகள் பழைய இடத்துக்கே திரும்பின. ஜூரா உத்தரவைப் படித்தார். தன் மேஜையைத் தாழ்வாரத்தின் நடுவில் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு மிர்லானின் கதவை அகலத் திறந்தார். அது திரும்பச் சாத்திக்கொள்ளாதபடி, உத்தரவுத் தாளைத் தடிமனாக மடித்து, குனிந்து, அடியில் செருகினார்.