வில்ஃபின் விசில் என்று நினைத்தாள்

இது கட்டுக்கதை இல்லை. சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். வட இங்கிலாந்தில் அந்த மலையடிவாரத்தில் பல வருஷம் குப்பை கொட்டியவன் நான். ஐவியையும் தெரியும், அவள் நாய் டெஸ்ஸையும் தெரியும். இரண்டுமே பொய் சொல்லாத ஜென்மங்கள்.

மேலே வெறும் புல்லும் சேறும்தான். போர்க்காலத்தில் பயிற்சிக்குக் கிளம்பிய குண்டுவீச்சு விமானம் ஒன்று மூடுபனியில் வழி தவறி அங்கே மோதிச் சிதறியது. முப்பது வருஷமாகியும் இறக்கையும் எஞ்சினும் அப்படியே கிடந்தன. காற்று அடித்தால் ஆடுகள் அதன் மறைவில் ஒதுங்கும்.

அன்று நவம்பர் மாத மத்தியானம். ஐவியின் கணவன் ஆர்னல்ட் ஆடுகளை ஓட்டிவர டெஸ்ஸோடு மேலே போயிருந்தான். மூடுபனி இறங்கியது. டெஸ் மட்டும் தனியாக வீட்டுக்கு வந்தது.

ஐவி கோட்டை மாட்டிக்கொண்டு நாயோடு ஏறினாள். இருட்டுவதற்குள் ஆளைக் கண்டுபிடிக்காவிட்டால் குளிரே அவனை முடித்துவிடும்.

பாதி வழியில்... விசில்.

நீளமாக ஒரே ஊதல். அங்கே ஆடு மேய்ப்பவர்கள் நாயைப் படுக்கச் சொல்வது அப்படித்தான். ஆனால் ஆர்னல்ட் விரலை மடித்து வாயில் வைத்துத்தான் ஊதுவான். இது உலோக விசில். பக்கத்துப் பண்ணை வில்ஃப்தான் என்று முடிவு கட்டினாள்.

"அவன் நாய் என்னிக்கு அவன் பேச்சைக் கேட்டிருக்கு," என்று முணுமுணுத்தபடி ஆர்னல்டைத் தேடி எதிர்ப்பக்கம், ஓடையை நோக்கித் திரும்பினாள்.

மறுபடி விசில். டெஸ் சட்டென்று படுத்தது.

ஐவிக்கு என்னமோ போல இருந்தது. அடுத்தவர் விசிலுக்கு டெஸ் காதைக்கூட ஆட்டாதே.

"எந்திரிடி."

எழுந்தது. கொஞ்ச தூரம் போனதும் மறுபடி விசில். மறுபடி படுத்தது. முதுகு மயிர் சிலிர்த்து நின்றது.

மூடுபனிக்குள் ஓர் உருவம் அசைந்தது...

வில்ஃப். கூடவே அவன் நாய். கடுகடுவென்று வந்தான்.

"ஏன் ஐவி, உனக்கு வேற வேலையே இல்லையா? நீ ஊதுற ஊதல்ல என் நாய் நாலடிக்கு ஒருதரம் படுத்துக்குது."

"நானா? நீதானே ஊதிக்கிட்டிருக்கே."

"என் விசில் வீட்ல ஆணியில தொங்குது."

"எங்கிட்ட விசிலே கிடையாது, வில்ஃப்."



விசில்...

விமானம் கிடக்கும் பக்கமிருந்து.

ஓடினார்கள். நாய்கள் வரவில்லை.

இறக்கைத் தகட்டுக்கு அடியில் கால் சிக்கி ஆர்னல்ட் கிடந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. பேச்சில்லை.

விசில் நின்றுவிட்டது.

சுற்றிலும் யாரும் இல்லை.

"யாருப்பா ஊதினது?" வில்ஃப் மூடுபனியைப் பார்த்துக் கேட்டான்.

பிறகு இருவரும் தகட்டைத் தூக்கி ஆர்னல்டை வெளியே இழுத்தார்கள்.

ஆர்னல்ட் பிழைத்துக்கொண்டான். அப்புறம்தான் வில்ஃப் வாயைத் திறந்தான். விமானம் விழுந்த அன்றும் விடிய விடிய விசில் கேட்டதாம். ஆர்னல்டின் அப்பா நாயைக் கூப்பிடுகிறார் என்று நினைத்து வில்ஃபின் அப்பா அடுப்போரம் உட்கார்ந்திருந்தார். வில்ஃபின் அப்பாதான் என்று ஆர்னல்டின் அப்பா உட்கார்ந்திருந்தார். விடிகாலையில் சத்தம் நின்றது. பிறகு போய்ப் பார்த்தால், விமானப்படைப் பையன் ஒருவன் இறக்கையில் சாய்ந்தபடி விறைத்துக் கிடந்தான். ஆபத்தில் ஊதுவதற்காகச் சட்டைக் காலரில் கட்டியிருந்த விசில் பல்லுக்கு நடுவில் இருந்தது.

ஐவி ஆஸ்பத்திரியில் கணவனிடம் மெதுவாகக் கேட்டாள்.

"அங்க யாரு இருந்தா? பாத்தீங்களா?"

"முகம் தெரியலை. என்னை ஒட்டி உக்காந்திருந்தான். ஊதி ஊதி அவனுக்கு மூச்சு வாங்குச்சு. நடுவுல ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான்."

"என்ன கேட்டான்?"

"இந்த வாட்டியாவது வருவாங்களான்னு."