கழுவும்போது பிடுங்கிய வயர்

நான் பத்தாவது பெயில். தென்காசிப் பக்கமிருந்து திருவனந்தபுரத்துக்கு ஓட்டல் வேலைக்கு வந்தவன். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு மாறி, புரோகிராம் கோடு எழுதக் கற்றது பிறகு.

விழிஞ்ஞம் மீன் துறைமுகத்தில் மீன் நிறுக்கும் தராசுக்கு எங்கள் ஆபீஸ் எடையைப் பதியும் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி செய்து கொடுத்தது. அதில் தராசோடு பேசும் டிரைவர் புரோகிராம் நான் எழுதியது. அது சிஸ்டத்தின் மையமான கெர்னலுக்குள் ஓடும். அதில் தப்பிருந்தால் பெட்டியே நின்றுவிடும்.

நின்றது. நாலு நாள் ஓடும், ஐந்தாம் நாள் மெமரி தீர்ந்து உறையும். ஆபீசில் அதே பெட்டி மூன்று வாரம் ஓடியது. எனக்கு மண்டை காய்ந்தது.

முதலாளி வலியசாலை அக்ரஹாரத்துக்காரர்.

"உம்ம பெட்டிக்கு வாராவாரம் லீவு வேணுமோ? இன்னொரு தடவை நின்னா எடுத்துண்டு போங்கோன்னு விழிஞ்ஞத்துக்காரா சொல்லிட்டா. அப்புறம் உமக்குப் பழையபடி ரிப்பேர் மேஜைதான்."

விழிஞ்ஞம் போய் உட்கார்ந்தேன். காலை ஏலம் முடிந்தது. எடை போடும் அக்கா தராசிலிருந்து வயரைப் பிடுங்கினார். முனையில் பாலித்தீன் கட்டி ஆணியில் மாட்டிவிட்டுத் தராசைக் கழுவத் தண்ணீர் அடித்தார்.

"எதுக்குக்கா பிடுங்குறீங்க?"

"வயர்ல உப்புவெள்ளம் கேறினா போச்சில்லே அண்ணா. எல்லா நாளும் இதுதானே."

"திரும்ப எப்ப மாட்டுவீங்க?"

"நாளைக்குக் காலைல. அதுவரைக்கும் மீனு தானா வந்து தராசுல ஏறுமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வயர் இல்லாவிட்டால் டிரைவர் விநாடிக்கு ஒருமுறை தராசைத் தேடும். தேடுமுன் இரண்டு இடத்தில் மெமரி வாங்கும். தராசு கிடைக்காவிட்டால் பிழை என்று சொல்லிவிட்டுத் திரும்பும். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க நான் எழுதவே இல்லை. தராசு கிடைக்காத அந்த வழியை ஓட்டிப் பார்த்ததும் இல்லை. ஆபீசில் யார் வயரைப் பிடுங்குவார்கள்?

அங்கேயே லேப்டாப்பைத் திறந்து, மெமரியைத் திருப்பிக் கொடுக்க இரண்டு வரி சேர்த்தேன். பெட்டி உடனே செத்தது.

"நாலு நாள் ஓடுறதை நாலு நிமிஷத்துல கொன்னாச்சு கேட்டோ," என்றார் அக்கா.

முதலில் வாங்கியதை முதலில் விட்டிருந்தேன். இரண்டாவது அதைப் பிடித்துக்கொண்டுதான் நின்றது. கடைசியில் வாங்கியதைத்தான் முதலில் விட வேண்டும். மாற்றினேன். மெமரி ஏறியது, இறங்கியது. மறுபடி ஏறியது, இறங்கியது.

ஆறு நாள் போய்ப் பார்த்தேன். ஆறாம் நாளும் பெட்டி ஓடியது. முதலாளிக்கு போன் செய்தேன்.

"சரி. உம்ம மத்த டிரைவரையும் ஒரு தடவை பாரும்."

மற்றவை எட்டு. எல்லாம் வாடிக்கையாளர் கையில் இருப்பவை. ஆபீசுக்குப் போய் ஒவ்வொன்றாகத் திறந்தேன். எட்டிலும் அதே தப்பு.